பழைய 'ட்வைலைட் ஜோன்': முடிவு தெரிந்த பிறகும் திரும்பப் பார்க்க முடிகிற எபிசோடுகள் எவை?

தூசிதட்டி

1959 முதல் 1964 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த பழைய தொடரைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். ஒவ்வொரு எபிசோடும் ஒரு தனி விசித்திரக் கதை, பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம். பின்னால் வந்த மறு ஆக்கங்களுக்கு வேறு இழை திறந்துகொள்ளலாம்.

எங்கே போனாலும் அதே பத்து எபிசோடுகளின் பட்டியல். போடுகிறவர்கள் எல்லோரும் கடைசி ஒரு நிமிடத்துக்குத்தான் மார்க் போடுகிறார்கள். என் கணக்கு வேறு. முடிவு மனப்பாடமாகத் தெரிந்த பிறகும் உட்கார்ந்து பார்க்க முடிகிறதா? முடிந்தால் நல்ல எபிசோடு. முடியாவிட்டால் அது ஒரு துணுக்கு, அவ்வளவுதான்.

முதல் கல்லை நானே எறிகிறேன். 'டைம் எனஃப் அட் லாஸ்ட்' அளவுக்கு மீறிப் புகழப்பட்ட எபிசோடு. வங்கிக் குமாஸ்தா ஹென்றி பெமிஸ் புத்தகப் பைத்தியம். மதிய உணவு நேரத்தில் பெட்டக அறைக்குள் உட்கார்ந்து படிக்கும்போது அணுகுண்டு விழுகிறது, ஊரே போய்விடுகிறது. நூலகம் கிடைக்கிறது, கண்ணாடி உடைகிறது. முதல் தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த தடவை, ஒரு அப்பாவியை இருபத்தைந்து நிமிடம் சித்திரவதை செய்துவிட்டுக் கடைசியில் காலை வாரிவிடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. எதற்காக இந்தத் தண்டனை? படித்ததற்கா?

முடிவுகளை ஒளிக்காமல் பேசலாம். அறுபது வருடம் ஆகிவிட்டது. சஸ்பென்ஸ் வேண்டும் என்பவர்கள் இழையை மூடிவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

நடுப்பக்கம்

அண்ணா, இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. கண்ணாடி உடைவது மட்டும்தான் அந்த எபிசோடு என்று நீங்களே ஏன் முடிவுகட்டுகிறீர்கள்? நடுவில் ஒரு காட்சி. மனைவி கவிதைப் புத்தகத்தை நீட்டி, 'எனக்குக் கொஞ்சம் படித்துக் காட்டுங்களேன்' என்று ஆசையாகக் கேட்கிறாள். பெமிஸுக்குத் தலைகால் புரியவில்லை, இவளுக்கும் கவிதை பிடித்துவிட்டதே என்று. புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் வரிகள் எல்லாம் கறுப்பாக அடிக்கப்பட்டிருக்கின்றன. குண்டு விழுவதற்கு முன்பே அந்த மனிதனின் உலகம் அழிந்துவிட்டது! அந்தக் காட்சியில் பெமிஸாக நடித்த பர்ஜஸ் மெரடித்தின் முகத்தைப் பாருங்கள். முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் அது இன்னும் வலிக்கும்.

அப்புறம், அவன் அவ்வளவு அப்பாவியும் இல்லை. கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளரிடம் கதை பேசிக்கொண்டே பணத்தைத் தப்பாக எண்ணிக் கொடுக்கிறான். எல்லோரும் செத்துப்போன பிறகு அவன் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். கதை அதைக் கவனித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பின்வரிசை

நூலகம் வைத்திருக்கிற ஊரில் ஒரு கண்ணாடிக் கடை இருக்காதா? இரண்டு தெரு தேடினால் முடிந்தது. இதற்குப் போய் அழுகையா.

தூசிதட்டி

> குண்டு விழுவதற்கு முன்பே அந்த மனிதனின் உலகம் அழிந்துவிட்டது

சரி, அந்தக் கவிதைப் புத்தகக் காட்சியை நானும் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த மனைவி ஒரு கார்ட்டூன். எந்தக் காரணமும் இல்லாமல் கொடுமைக்காரி. பாத்திரம் இப்படி ஒற்றைப் பரிமாணமாக இருந்தால் இரண்டாம் தடவை பார்க்கும்போது அதுதான் முதலில் கண்ணில் குத்துகிறது.

குமிழ்விளக்கு

என் ஓட்டு 'ஐ ஆஃப் த பிஹோல்டர்'. 1960 நவம்பரில் வந்தது, டக்ளஸ் ஹேய்ஸ் இயக்கம், ஜார்ஜ் கிளெமென்ஸ் ஒளிப்பதிவு. கதை எல்லோருக்கும் தெரியும். முகம் முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு பெண், அவளைச் 'சாதாரண' முகமாக்க டாக்டர்கள் எடுக்கும் கடைசி முயற்சி. கட்டை அவிழ்த்தால் அவள் அழகி, சுற்றி நிற்பவர்களுக்குத்தான் பன்றி மூக்கு.

முடிவு தெரிந்தவனுக்கு இது முழுக்க வேறு படம். இருபது நிமிடம் ஒரு முகத்தைக்கூடக் காட்டாமல் கேமரா எப்படித் தப்பிக்கிறது என்று பார்ப்பதே தனி சுகம். டாக்டர் ஜன்னலை நோக்கித் திரும்புகிறார், நர்ஸ் நிழலுக்குள் நகர்கிறாள், திரைக்குப் பின்னால் ஒரு உருவம் வெறும் நிழலாகப் பேசுகிறது. எங்கேயும் 'ஒளிக்கிறார்கள்' என்ற உணர்வு வராது. ராத்திரி வார்டு, விளக்கு கம்மி, அவ்வளவுதான் என்று நம்பிவிடுவோம். கட்டு அவிழும்போது கேமரா கட்டுக்குள்ளிருந்தே பார்க்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கூடுகிறது. ஸ்டுடியோவுக்குள் இரண்டு செட்டை வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

இன்னொன்று. கட்டுக்குள் இருந்தது மாக்ஸின் ஸ்டூவர்ட், கட்டு அவிழ்ந்த பிறகு வருவது டோனா டக்ளஸ். முகம் தெரியாமல் குரலையும் கைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மாக்ஸின் ஸ்டூவர்ட் செய்ததற்கு யாரும் கை தட்டுவதில்லை. தட்டினால் நல்லது.

நடுப்பக்கம்

தட்டியாயிற்று. ஆனால் அதே எபிசோடில் அந்த நாட்டின் தலைவர் டிவியில் வந்து ஒரே மாதிரி இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றிக் கத்துகிறாரே, அது கொஞ்சம் ஜாஸ்தி. காட்சியே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்வது, தொடரை உருவாக்கி எழுதிய செர்லிங்கின் வியாதி.

வால்நட்சத்திரம்

இதை அறிவியல் புனைவுத் தொடர் என்று சொல்வதையே முதலில் நிறுத்துங்கள். 'தி லோன்லி'யில் பூமியிலிருந்து 90 லட்சம் மைல் தள்ளி ஒரு சிறுகோளில் கைதி ஒருவன் தனியாக இருக்கிறான். காற்று இருக்கிறது, நடக்க ஈர்ப்பு இருக்கிறது, தலைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது. ஏன் தெரியுமா? எடுத்தது கலிஃபோர்னியாவின் டெத் வேலியில். 'தேர்ட் ஃப்ரம் த சன்'னில் குடும்பத்தோடு சீட்டாடிவிட்டு அப்படியே கிளம்பி வேறு கிரகத்துக்குப் போய்விடுகிறார்கள். விஞ்ஞானத்தை இவர்கள் வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

அதே காலத்தில், 1963 முதல் 1965 வரை, ஏ.பி.சி.யில் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' வந்தது. மொத்தமே 49 எபிசோடுகள். 'டீமன் வித் எ கிளாஸ் ஹேண்ட்' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்லன் எலிசன் எழுதியது. ராபர்ட் கல்ப் தன் கண்ணாடிக் கையோடு லாஸ் ஏஞ்சலஸின் பிராட்பரி கட்டடத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறார், தான் யார் என்று தெரியாமல். கடைசியில் தெரியவரும் உண்மை, கதை முழுக்க அவர் அனுபவித்த தனிமையோடு அச்சாகப் பொருந்துகிறது. அதுதான் அறிவியல் புனைவு. யோசனை முன்னால் நிற்க வேண்டும்.

தூசிதட்டி

தங்கச்சி, 'தி லோன்லி'யை அப்படித் தூக்கி எறியாதீர்கள். காற்றும் ஈர்ப்பும் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவில் என்ன நடக்கிறது? மன்னிப்பு கிடைத்துவிடுகிறது, கப்பல் வந்து நிற்கிறது. ஆனால் ஆளுக்கு 15 பவுண்டு சாமானுக்குத்தான் இடம். இவனுக்கோ அங்கே துணையாகக் கொடுக்கப்பட்ட பெண் ரோபோவை விட்டு வர மனசில்லை. மனுஷி என்றே சாதிக்கிறான். கேப்டன் துப்பாக்கியை எடுத்து அதன் முகத்தில் சுடுகிறார். உள்ளே கம்பிகள். இது அதிர்ச்சிக்காக வைத்த முடிவு இல்லை. அது ரோபோ என்று நமக்கு முதலிலேயே தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துபோனான், நாமும் கூடவே மறந்துபோனோம். இந்த இழையில் நான் தேடுவது இந்த மாதிரி முடிவுகளைத்தான்.

வால்நட்சத்திரம்

அந்தக் கேப்டன் நல்லவராம். சுட்டுவிட்டு, 'நீ தனிமையை மட்டும்தான் விட்டுவிட்டுப் போகிறாய்' என்கிற மாதிரி ஆறுதல் வேறு. எனக்கு அந்த இடம் சகிக்கவில்லை. ஒரு பெண் உருவத்தை ஆணின் ஏக்கத்துக்குப் பொம்மையாகக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் சுட்டுப் போட்டுவிட்டு, அதையே தத்துவம் என்கிறார்கள்.

நடுப்பக்கம்

வால்நட்சத்திரம் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். விஞ்ஞானம் அங்கே ஒரு போர்வை. ராட் செர்லிங் ஐம்பதுகளில் தொலைக்காட்சிக்கு நேரடி நாடகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்ட வழக்கை மனதில் வைத்து 1956-இல் 'நூன் ஆன் டூம்ஸ்டே' எழுதினார். விளம்பரதாரர் தரப்பில் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். களம் தெற்கிலிருந்து நியூ இங்கிலாந்துக்கு மாறியது. கொல்லப்பட்டவனின் அடையாளமே மாறிப்போனது. கடைசியில் எதைப் பற்றிய நாடகம் என்றே தெரியாமல் ஒளிபரப்பானது.

பட்ட பிறகு மனுஷன் தந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1959 செப்டம்பரில் டிவி பேட்டியாளர் மைக் வாலஸுக்குக் கொடுத்த பேட்டியில், இனி சர்ச்சைக்குரியதை எழுதி மல்லுக்கட்டப் போவதில்லை என்கிற தோரணையில் பேசுகிறார். அடுத்த வாரமே, அக்டோபர் 2-ஆம் தேதி, ட்வைலைட் ஜோன் ஆரம்பம். அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். செனட்டர் பேச முடியாததைச் செவ்வாய்க் கிரகத்துக்காரனைப் பேச வைத்துவிட்டார்.

தூசிதட்டி

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. இதையே வைத்து 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' பற்றி ஒரு வம்பு இழுக்கிறேன்.

ஒரு சாதாரணத் தெரு. மின்சாரம் போகிறது, கார் ஓடவில்லை, போன் செத்துவிட்டது. காமிக்ஸ் படிக்கிற ஒரு பையன், வேற்றுக்கிரகவாசிகள் மனிதக் குடும்பம் மாதிரி முன்கூட்டியே ஆட்களை அனுப்பி வைப்பார்கள் என்று கதை சொல்கிறான். அவ்வளவுதான். ஒருத்தன் கார் தானாக ஸ்டார்ட் ஆனதும் எல்லோரும் அவன் பக்கம் திரும்புகிறார்கள். ராத்திரி தூக்கம் வராமல் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது கூடக் குற்றமாகிறது. அடுத்த தெருவுக்குப் போய்விட்டு இருட்டில் நடந்து வரும் பக்கத்து வீட்டுக்காரனை, அதே தெருவில் இருக்கும் சார்லி சுட்டே விடுகிறான். உடனே கூட்டம் சார்லி மேல் பாய்கிறது, சார்லி அந்தப் பையனைக் கை காட்டுகிறான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மலை மேல் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் நின்று, 'பார்த்தாயா, சுவிட்சை நிறுத்தினால் போதும், அவர்களே அடித்துக்கொண்டு சாவார்கள்' என்று விளக்கம் சொல்கிறார்கள். எதற்கு? அவர்கள் வந்ததும் குற்றம் தெருவிலிருந்து மலைக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு நிமிடத்தை வெட்டிவிட்டால் தொடரிலேயே முதல் எபிசோடு இதுதான் என்பேன்.

குமிழ்விளக்கு

வெட்டினால் எப்படி இருக்கும் என்று அவர்களே எடுத்துக் காட்டிவிட்டார்கள். 1961 செப்டம்பரில் வந்த 'தி ஷெல்டர்'. வேற்றுக்கிரகம் கிடையாது, மாயம் கிடையாது. டாக்டர் வீட்டில் பிறந்தநாள் விருந்து, ரேடியோவில் தாக்குதல் எச்சரிக்கை. டாக்டர் வீட்டில் மட்டும் பதுங்கறை இருக்கிறது, மூன்று பேருக்கு மட்டுமே காற்று. சற்று முன் அவருக்கு வாழ்த்து சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைக்கிறார்கள். கடைசியில் வெறும் செயற்கைக்கோள், பயப்பட ஒன்றுமில்லை என்று அறிவிப்பு. அந்த ஜூலையில்தான் கென்னடி டிவியில் வந்து மக்களிடம் பதுங்கறை பற்றிப் பேசியிருந்தார், ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. பார்த்தவர்களுக்குக் கற்பனை என்று தோன்றியிருக்கவே வாய்ப்பில்லை.

ஆனால் பாருங்கள், எல்லோரும் நினைவில் வைத்திருப்பது மேப்பிள் ஸ்ட்ரீட்டைத்தான். 'தி ஷெல்டர்' பிரசங்கம் மாதிரி இருக்கிறது, முன்னது கதை மாதிரி இருக்கிறது. அந்த இரண்டு பேர் மலையில் நிற்பது கதைக்குத் தேவையோ இல்லையோ, கதை என்ற உணர்வுக்குத் தேவை.

தூசிதட்டி

ம்ம். இதற்குப் பதில் யோசித்துவிட்டு வருகிறேன்.

பின்வரிசை

அண்ணன் யோசிக்கிற இடைவெளியில் என் ஓட்டு. 'இட்ஸ் எ குட் லைஃப்'. சிரிக்க வந்தவன், இதில் மட்டும் சிரிக்க மாட்டேன்.

ஆறு வயசுப் பையன் ஆந்தனி. நினைத்தது நடக்கும். ஊருக்கு வெளியே உலகம் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பிடிக்காததை நினைத்தால் சோளக்கொல்லைக்கு அனுப்பிவிடுவான், திரும்பி வர முடியாது. அதனால் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே 'ரொம்ப நல்லது ஆந்தனி' என்று சொல்லியாக வேண்டும். திருப்பமே கிடையாது! முதல் நிமிடத்தில் செர்லிங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், இதோ ஊர், இதோ ராட்சசன் என்று. அதற்கு மேல் இருபது நிமிடம் வயிற்றைப் பிசைகிறது.

பிறந்தநாள் விருந்தில் டான் ஹாலிஸுக்கு ஒரு இசைத்தட்டு பரிசாக வருகிறது. போட்டுக் கேட்கக் கூடாது, ஆந்தனிக்குப் பாட்டு பிடிக்காது. பிராந்தி உள்ளே போனதும் மனுஷன் தன்னைத்தானே மறந்து பாடுகிறான், பையனை நேருக்கு நேர் ராட்சசன் என்கிறான், 'யாராவது பின்னாலிருந்து ஒரே அடி அடித்து முடித்துவிடுங்கள்' என்று மற்றவர்களைக் கெஞ்சுகிறான். ஒருத்தி கை கணப்புக் கம்பி வரை போகிறது. எடுக்கவில்லை. அவ்வளவுதான், ஹாலிஸ் பெட்டியிலிருந்து துள்ளும் ஸ்பிரிங் பொம்மையாகிவிடுகிறான். சுவரில் நிழல் ஆடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

அதற்கு அப்புறம் வருவதுதான் எனக்கு முக்கியம். வெளியே பனி கொட்டுகிறது. பையன் வேலை. அப்பா ஒரு கணம் வாய் திறந்துவிடுகிறார், பயிரில் பாதி போய்விடுமே என்று. உடனே குரல் மாறுகிறது. பனி பெய்வது நல்லது, ரொம்ப நல்லது, நாளைக்கும் நல்ல நாளாக இருக்கும் என்கிறார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் அழுகை. ஜான் லார்ச் என்ற நடிகர். வேறு எதிலும் அவரை எனக்கு நினைவில்லை, இதில் மறக்க முடியவில்லை.

வால்நட்சத்திரம்

இதற்கு நானும் கை தூக்குகிறேன். ஜெரோம் பிக்ஸ்பியின் சிறுகதையும் நல்ல கதை. அந்தப் பையன் பில் மூமி பின்னால் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' நடித்தவர். 2003-இல் புதிய தொடரில் இதற்கே தொடர்ச்சி எடுத்தார்கள், அதே மூமி, அம்மாவாக அதே க்ளோரிஸ் லீச்மன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

புதுமுகம்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்கா. நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், விமான எபிசோடு. இறக்கையில் உட்கார்ந்திருக்கிற அந்த ஜந்துவைப் பார்த்தால் கரடி வேஷம் போட்டவர் மாதிரி இருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. இதைப் போய் எல்லோரும் ஏன் கொண்டாடுகிறீர்கள்?

குமிழ்விளக்கு

வாங்க தம்பி. சிரிப்பு வந்தால் தப்பில்லை, எனக்கும் வரும். 'நைட்மேர் அட் 20,000 ஃபீட்', 1963 அக்டோபர். அந்தக் கம்பளி உடைக்குள் இருந்தவர் நிக் க்ராவட், பர்ட் லங்காஸ்டரோடு சர்க்கஸில் இருந்த வித்தைக்காரர். இயக்கம் ரிச்சர்ட் டோனர், பின்னாளில் 'சூப்பர்மேன்' எடுத்தவர்.

ஜந்துவை விட்டுவிடுங்கள், வில்லியம் ஷாட்னரைப் பாருங்கள். மனநல மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பும் ஆள். முன்பு அவருக்குப் புத்தி தடுமாறியதும் ஒரு விமானத்தில்தான். அதனால் ஜன்னலில் பார்த்ததை யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். திரைச்சீலையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திறக்கக் கூடாது என்று தெரியும், கை தானாகப் போகிறது, இழுத்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு முகம். பயம் ஜந்துவிடம் இல்லை, அந்தக் கையிடம் இருக்கிறது.

முடிவில் அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கொண்டுபோகிறார்கள். கேமரா மெதுவாக இறக்கைக்குப் போய், பெயர்ந்து கிடக்கும் எஞ்சின் மூடியைக் காட்டுகிறது. நம்மைக் கவிழ்க்காமல், அவர் பக்கம் நின்று சாட்சி சொல்கிற முடிவு. இந்தத் தொடரில் அப்படி அமைவது அபூர்வம்.

நடுப்பக்கம்

ஷாட்னருக்கு இதைவிடவும் நல்லது 'நிக் ஆஃப் டைம்'. புதுமணத் தம்பதி, ஓஹாயோவில் ஒரு சின்ன ஊர் ஓட்டல், மேஜையில் காசு போட்டால் சோதிடச் சீட்டு தரும் பொம்மைப் பெட்டி. தலையில் கொம்பு வைத்த ஒரு பொம்மைத் தலை மேலே ஆடுகிறது. ஒரு சீட்டு பலித்துவிட, அவன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான். அடுத்த காசு, அடுத்த கேள்வி. பெட்டி நிஜமாகவே சொல்கிறதா, தற்செயலா என்று கடைசி வரை தெரியாது. மனைவி இழுத்துக்கொண்டு வெளியே போகிறாள், பிழைத்தார்கள். கதவு திறந்து இன்னொரு ஜோடி உள்ளே வருகிறது, முகமெல்லாம் சோர்ந்துபோய். நேராகப் பெட்டிக்குப் போய்க் காசு போட்டு, இன்றைக்காவது ஊரைவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். ஜாதகக் கட்டைப் பார்க்காமல் வாசல்படி தாண்டாத சொந்தக்காரர்கள் உள்ள எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

விமானம், சோதிடப் பெட்டி இரண்டுமே ரிச்சர்ட் மாதெசன் எழுதியவை. தூசிதட்டி அண்ணன், திரும்பப் பார்க்க முடிகிற எபிசோடுகளைக் கணக்கெடுத்தால் மாதெசன் பங்கு அதிகமாக இருக்கும் என்பது என் சந்தேகம். 156-இல் 92 செர்லிங் எழுதியது. அத்தனை எழுதினால் உமியும் வரும்.

தூசிதட்டி

உமியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதா, சரி. நகைச்சுவை எபிசோடுகள். 'மிஸ்டர் பெவிஸ்', 'கேவண்டர் இஸ் கமிங்', 'தி மைட்டி கேஸி'. கேவண்டரில் கரோல் பர்னெட் இருந்தும் ஒன்றும் தேறவில்லை, சிரிப்புச் சத்தத்தை வேறு பின்னணியில் ஒட்டினார்கள். செர்லிங்குக்குக் கோபம் வரும், துக்கம் வரும், சிரிக்க வைக்க மட்டும் வராது.

அதே மாதிரி இரண்டாம் சீசனில் செலவை மிச்சம் பிடிக்க ஆறு எபிசோடுகளைப் பிலிமில் எடுக்காமல் வீடியோடேப்பில் எடுத்தார்கள். 'ட்வென்டி டூ' நல்ல பயங்கரக் கதை, ஆனால் பார்க்க மதிய நேர சீரியல் மாதிரி தட்டையாக இருக்கும். கிளெமென்ஸ் நிழலை எவ்வளவு நம்பினார் என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது.

குமிழ்விளக்கு

முழுக்க ஆமோதிக்கிறேன். நான்காம் சீசனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1963-இல் ஒரு மணி நேரமாக இழுத்தார்கள், 18 எபிசோடுகள். அரை மணிக் கதைக்கு ஒரு மணி நேரச் சட்டை மாட்டினால் தொளதொள.

வால்நட்சத்திரம்

நில்லுங்கள். 'ஆன் தர்ஸ்டே வி லீவ் ஃபார் ஹோம்' பார்த்தீர்களா, இல்லை எல்லோரும் சொல்கிறார்கள் என்று சொல்கிறீர்களா?

இரண்டு சூரியன் எரிக்கிற ஒரு கிரகம், முப்பது வருடமாக அங்கே மாட்டிக்கொண்ட 187 பேர். அவர்களைக் கட்டுப்பாடாக வைத்து, கதை சொல்லி, அதட்டி, உயிரோடு காப்பாற்றியவர் கேப்டன் பென்டீன். ஜேம்ஸ் விட்மோர் நடித்தது. பூமியிலிருந்து கப்பல் வருகிறது. ஜனங்கள் குதிக்கிறார்கள். இவரும்தான். ஆனால் பூமிக்குப் போனதும் ஆளாளுக்கு ஒரு ஊர் போவோம் என்று அவர்கள் பேச ஆரம்பித்ததும் முகம் மாறுகிறது. எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், என் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்கிறார். கெஞ்சுகிறார், மிரட்டுகிறார், பூமி நரகம் என்று பொய் சொல்கிறார். கடைசியில் குகையில் ஒளிந்துகொண்டு, காலி இருக்கைகளிடம் பேசுகிறார். கப்பல் கிளம்பும் நேரத்தில் சுயநினைவு வந்து ஓடி வருகிறார், நானும் வருகிறேன் என்று கத்திக்கொண்டு. போய்விட்டது.

ஒரு நல்ல தலைவன் படிப்படியாகச் சர்வாதிகாரி ஆவதை இருபத்தைந்து நிமிடத்தில் காட்ட முடியாது. அந்த ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. இது செர்லிங் எழுதியதுதான், நடுப்பக்கம் சார் குறித்துக்கொள்ளவும்.

நடுப்பக்கம்

குறித்துக்கொண்டேன். செர்லிங்குக்கு நான் எதிரி இல்லை மேடம். 'டெத்ஸ்-ஹெட் ரீவிஸிட்டட்' அவர் எழுதியதுதான். பழைய நாஜி அதிகாரி ஒருவன் டாக்கௌ வதைமுகாமுக்குச் சுற்றுலா மாதிரித் திரும்பி வருகிறான், இறந்தவர்கள் அவனை விசாரிக்கிறார்கள். நிஜ நாஜி அதிகாரியான ஐக்மன் மீதான வழக்குக்குத் தீர்ப்பு வருவதற்கு முந்தைய மாதம், 1961 நவம்பரில் ஒளிபரப்பானது. கைதியாக வரும் ஜோசப் ஷில்ட்கிராட், ஆன் ஃபிராங்க் படத்தில் அவள் அப்பாவாக நடித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அந்த எபிசோடில் திருப்பம் என்று ஒன்றும் இல்லை, கணக்குத் தீர்ப்பது மட்டும்தான்.

ஆனால் 'தி என்கவுண்டர்' வேறு கதை. 1964-இல் ஒருமுறை வந்ததோடு அமெரிக்க மறு ஒளிபரப்பில் பல வருடம் காட்டாமலே வைத்திருந்தார்கள். ஜார்ஜ் டக்கேயும் நெவில் பிராண்டும் ஒரு மச்சுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் பிரமாதம். ஆனால் டக்கேயின் பாத்திரம், தன் அப்பா பேர்ல் ஹார்பரில் ஜப்பானிய விமானங்களுக்குச் சைகை காட்டியதாகச் சொல்கிறான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்ததற்கு அன்று சொல்லப்பட்ட அதே பொய். டக்கே தன் குழந்தைப் பருவத்தை அந்த முகாம்களில் கழித்தவர். அவர் வாயாலேயே அதைப் பேச வைத்திருக்கிறார்கள். நல்ல நோக்கத்தில் எழுதியிருந்தாலும் ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

குமிழ்விளக்கு

சார்ல்ஸ் போமன்ட் பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லையே. 'லாங் லிவ் வால்டர் ஜேம்சன்', 1960. சரித்திரப் பேராசிரியர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரை நேரில் பார்த்தவர் மாதிரிப் பாடம் நடத்துகிறார். நேரில் பார்த்தவர்தான், சாகாவரம் வாங்கியவர். கைவிட்ட பழைய மனைவி கிழவியாக வந்து சுடுகிறாள். அவர் நம் கண் முன்னாலேயே கிழவராகி, உதிர்ந்து, தூசியாகிறார்.

அந்தக் கிழடு தட்டும் காட்சியில் வெட்டு இல்லை. கெவின் மெக்கார்த்தியின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையில் வரைந்துவிட்டு, சிவப்பு வெளிச்சம் போட்டால் கறுப்பு வெள்ளைப் பிலிமில் கோடுகள் தெரியாது. வெளிச்சத்தின் நிறத்தை மெல்ல மாற்றினால் ஒவ்வொரு சுருக்கமாக எழுந்து வரும். 1931-இன் ஜெக்கில்-ஹைடு படத்தில் செய்த அதே வித்தை. கலர் வந்ததும் இது செத்துப்போயிற்று.

இதை எழுதிய போமன்டுக்கு முப்பதுகளின் நடுவிலேயே மூளையைத் தாக்கும் நோய் வந்தது. வேகமாக முதுமை தட்டியது. கடைசிக் காலத்தில் அவர் பெயரில் வந்தவற்றில் சிலவற்றை நண்பர்கள் எழுதிக் கொடுத்தார்கள், அந்தப் பேசும் பொம்மை வரும் 'லிவிங் டால்' உட்பட. அதை எழுதியவர் ஜெர்ரி சோல். போமன்ட் 1967-இல் இறந்தபோது வயது 38. இது தெரிந்த பிறகு ஜேம்சனை முன்பு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

பின்வரிசை

நண்பனின் பெயருக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒரு நல்ல கதை எழுதிக் கொடுத்தார்களா. சோல் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சல்யூட்.

தூசிதட்டி

யோசித்துவிட்டு வந்தேன். குமிழ்விளக்கு சொன்ன 'கதை என்ற உணர்வு' பற்றி. மேப்பிள் ஸ்ட்ரீட்டில் அந்த மலைக்காட்சி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் என் முதலிடம் அதற்கு இல்லை. 'வாக்கிங் டிஸ்டன்ஸ்'.

விளம்பரக் கம்பெனியில் உயர் பதவி, வயசு 36, மார்ட்டின் ஸ்லோன். வேலையில் வெறுத்துப்போய்க் காரை பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கு நடந்து போகிறான். போய்ச் சேர்வது அவன் சின்ன வயசுக் காலத்துக்கு. எந்த யந்திரமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. வால்நட்சத்திரம் முறைப்பது தெரிகிறது. அப்பா அம்மா வாசலில் நிற்கிறார்கள், இவனை யாரென்று தெரியவில்லை. குடைராட்டினத்தில் இருக்கும் சின்ன வயசுத் தன்னையே துரத்துகிறான், 'இந்த நாட்களை நன்றாக அனுபவித்துக்கொள்' என்று சொல்ல. பையன் பயந்து விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். அந்த விநாடி பெரியவனும் காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான்.

அதற்குப் பிறகு அப்பா வந்து பேசுவார். அவனுடைய பர்ஸைப் பார்த்திருப்பார், இன்னும் வராத வருடம் போட்ட டாலர் நோட்டு. நம்பிவிடுகிறார். நம்பியும், போய்விடு என்கிறார். இந்தக் கோடைக்காலம் அந்தப் பையனுடையது, அவனுக்கு விட்டுக்கொடு என்கிறார். மகனை மகன் என்று தெரிந்துகொண்டே வழியனுப்பும் அப்பா. பெர்னார்ட் ஹெர்மனின் இசை அந்த இடத்தில் கிட்டத்தட்ட இல்லாத மாதிரி இருக்கும்.

செர்லிங் வளர்ந்த பிங்ஹாம்டனில் ஒரு பூங்கா இருக்கிறது, குடைராட்டினமும் இசை மேடையும் உள்ளது. போரில் பாராசூட் படையில் பிலிப்பைன்ஸ் போய் வந்தவர், 50 வயசில் போய்ச் சேர்ந்தார். வேறு எபிசோடுகளில் அவர் எழுதினார், இதில் அவர் இருக்கிறார்.

நடுப்பக்கம்

'எ ஸ்டாப் அட் வில்லோபி'யும் அதே ஏக்கம்தானே? ரயிலில் தூங்கிப்போனால் வரும் ஊர். அங்கே இறங்கினால் சாவு. எனக்கு அந்த முடிவு இன்னும் நேர்மையாகப் படுகிறது. ஸ்லோன் நொண்டிக்கொண்டு திரும்பிவந்து மறுபடியும் வேலைக்குப் போவான். வில்லோபிக்காரனுக்குத் திரும்ப வழியே இல்லை.

தூசிதட்டி

சவ ஊர்தியின் கதவில் 'வில்லோபி அண்ட் சன்' என்று பெயர் தெரிகிறதே, அது துணுக்கு. நேர்மை இல்லை.

புதுமுகம்

இவ்வளவும் படித்தாகிவிட்டது, எல்லா முடிவும் தெரிந்துவிட்டது. இனி எதிலிருந்து ஆரம்பிப்பது?

தூசிதட்டி

அதுதான் இந்த இழைக்கே சரியான சோதனை, தம்பி. முதலில் 'இட்ஸ் எ குட் லைஃப்'. அடுத்து 'நிக் ஆஃப் டைம்', 'வாக்கிங் டிஸ்டன்ஸ்', 'ஆன் தர்ஸ்டே'. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 'ஐ ஆஃப் த பிஹோல்டர்'. அப்புறம் 'தி லோன்லி'. இங்கே யாரும் பேசாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'தி இன்வேடர்ஸ்'. ஆக்னஸ் மூர்ஹெட் தனி ஆளாக, ஒரு வார்த்தை பேசாமல். ரேடியோவில் குரலால் புகழ்பெற்றவர் அவர்.

வால்நட்சத்திரம்

'தி லோன்லி'யைச் சேர்த்தால் நான் வெளிநடப்பு. அந்த இடத்தில் 'டீமன் வித் எ கிளாஸ் ஹேண்ட்' போடுங்கள்.

பின்வரிசை

அது வேறு சேனல் அக்கா.